டோட்டி ரோமாவுலயே தங்கிட்டது எப்படி

இத்தாலி ஃபுட்பால் ஆட்டக்காரர் பிரான்செஸ்கோ டோட்டியை நான் ஒழுங்கா கவனிச்சதே 2006 வேர்ல்ட் கப்புலதான். ஜூன் 26, ஆஸ்திரேலியாவோட மேட்ச், இத்தாலி 10 பேரோட ஆடிட்டு இருக்கு, ஸ்கோர் 0-0, இஞ்சுரி டைம் முடியப் போற நேரத்துல கிரோஸோ பாக்ஸுக்குள்ள விழுறாரு, பெனால்டி. பந்தை எடுத்துட்டு வந்து வெச்சது டோட்டி. அந்த வருஷம் பிப்ரவரியிலதான் எம்போலி மேட்ச்ல கால் எலும்பு முறிஞ்சு ஆபரேஷன் பண்ணி ஸ்க்ரூ போட்டிருந்தாங்க, நாலே மாசத்துல எழுந்து வந்து அந்தப் பந்தை மேல சொருகிட்டு கட்டைவிரலை வாயில வெச்சுக்கிட்டு ஓடினாரு. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. யாருய்யா இந்த ஆளுன்னு தேட ஆரம்பிச்சது அப்பதான்.

தேடினா எல்லா இடத்துலயும் ஒரே வரிதான் கிடைக்கும். ரோம்ல பொறந்தாரு, அந்த ஊர் கிளப் ரோமாவுக்கு மட்டும் ஆடினாரு, 25 சீசன், 786 மேட்ச், 307 கோல், 2017 மே 28 அன்னிக்கு ஜெனோவா மேட்ச்சோட முடிச்சுக்கிட்டாரு, ஸ்டேடியமே அழுதுது. எல்லாம் உண்மைதான். ஆனா அந்த வரியை அப்படியே படிச்சா ஏதோ பொறக்கும்போதே நெத்தியில எழுதி வெச்சிருந்த மாதிரி, இந்த ஆளு வேற எங்கயும் போக வாய்ப்பே இல்லாத மாதிரி ஒரு நெனப்பு வந்துடுது. நடந்தது அப்படி இல்ல. 1989லேர்ந்து 1997 வரைக்குமான அந்த எட்டு வருஷத்தை மட்டும் தனியா எடுத்துப் பாத்தீங்கன்னா, இந்தப் பையன் வேற கிளப்புக்குப் போயிருக்க மூணு தடவை வழி தெறந்து கெடந்துது, மூணு தடவையும் வேற யாரோ குறுக்க நின்னுதான் அது மாறுச்சு. அந்த யாரோக்களைப் பத்திதான் இங்க எழுதுறேன், ஏன்னா 2017 அழுகை வீடியோவைப் பாத்தவங்கள்ல பாதிப் பேருக்கு இவங்க பேரே தெரியாது.

முதல்ல ஊரைப் பத்தி கொஞ்சம் சொல்லிடறேன். ரோம் நகரத்தைச் சுத்தி பழைய ரோமானியர் காலத்துக் கோட்டைச் சுவர் ஒண்ணு இன்னும் நிக்குது, அதுல ஒரு வாசலுக்குப் பேரு போர்த்தா மெத்ரோனியா. அந்த வாசலுக்குப் பக்கத்துல வியா வெத்துலோனியான்னு ஒரு தெரு, நடுத்தர வர்க்கத்து அடுக்குமாடி வீடுங்க. 1976 செப்டம்பர் 27 பொறந்த டோட்டி வளந்தது அங்கதான். அப்பா லொரென்ஸோ பேங்க்ல வேலை, அம்மா பியொரெல்லா வீட்டைப் பாத்துக்கிட்டாங்க, ஒரு அண்ணன். வீட்டுக்குப் பக்கத்து ஸ்கூல் மைதானம், தெருமுனை, எங்க பந்து உருளுமோ அங்கல்லாம் பையன். வீடு முழுக்க ரோமா வெறியர்கள். பையன் ரூம் சுவத்துல அப்போதைய ரோமா ஹீரோ ஜுசெப்பே ஜன்னீனி போட்டோ ஒட்டியிருந்துது.

ஜன்னீனி யாருன்னு தெரிஞ்சாதான் மீதி புரியும். ரோமா ரசிகர்களுக்கு ஒரு தீராத ஆசை உண்டு: கேப்டன் நம்ம ஊர்க்காரனா இருக்கணும், நம்ம பாஷை பேசணும், நம்ம தெருவுல வளந்திருக்கணும். 1983ல ரோமா லீக் ஜெயிச்சப்போ கேப்டன் அகொஸ்தினோ தி பார்த்தொலோமெய், ரோம் பையன். அடுத்த வருஷம் 1984 மே 30, சொந்த ஸ்டேடியத்துலயே ஐரோப்பியக் கப் பைனல்ல லிவர்பூல்கிட்ட பெனால்டியில தோத்தாங்க, அந்தக் கோடையிலயே தி பார்த்தொலோமெய் மிலானுக்குப் போயிட்டாரு. அப்புறம் வந்தவர்தான் ஜன்னீனி, செல்லப் பேரு இளவரசன். அவரும் 1996ல ஆஸ்திரியாவுல கிராட்ஸ் நகரத்து கிளப் ஒண்ணுக்குப் போய்ச் சேந்தாரு. கவனிங்க, ஊர்க்காரன் கேப்டன்னு ரசிகர்கள் தலைமேல தூக்கி வெச்சிருந்தாலும், கிளப் அவங்களைக் கடைசி வரைக்கும் வெச்சுக்கல. ஊர்ப் பையன்ங்கறதால மட்டும் டோட்டி தங்கிட்டார்னு சொல்ல முடியாது. ஊர்ப் பையன்களை அனுப்பி வெச்ச பழக்கம் உள்ள கிளப்தான் இது.

இப்ப முதல் வழி. டோட்டி சின்ன வயசுல பொர்த்தித்தூதோ, அப்புறம் ஸ்மித் திரஸ்தேவெரே, அப்புறம் லொதிஜானின்னு ரோம்ல இருக்கற சின்னச் சின்ன கிளப்ல ஆடினாரு. லொதிஜானி சின்ன கிளப்தான், ஆனா பசங்களைத் தயார் பண்றதுல பேர் போனது. அங்க ஆடும்போதே பெரிய கிளப் ஆளுங்க கண்ணுல பட்டாச்சு. ஒருநாள் வீட்டுக் கதவைத் தட்டினது ஏசி மிலான் ஆளுங்க. அந்தக் காலத்து மிலான்னா சும்மா இல்லைங்க, பெர்லுஸ்கோனி பணம், சாக்கி கோச், வான் பாஸ்டன், குல்லிட், ரைக்கார்ட், 1989லயும் 1990லயும் அடுத்தடுத்து ஐரோப்பியக் கப். ரோமா அதுவரைக்கும் மொத்தமே ரெண்டு தடவைதான் லீக் ஜெயிச்சிருந்துது, 1942லயும் 1983லயும். எந்த வீடா இருந்தாலும் பையனுக்கு லாட்டரி அடிச்சிடுச்சுன்னு பொட்டியைக் கட்டியிருப்பாங்க.

பியொரெல்லா அம்மா முடியாதுன்னுட்டாங்க. காரணம் ஃபுட்பால் இல்ல. பதிமூணு வயசுகூட ஒழுங்கா ஆகாத பையனை அறநூறு கிலோமீட்டர் தள்ளி யாரோ ஒரு ஹாஸ்டல்ல விட முடியாது, அவ்வளவுதான். டோட்டியே பின்னாடி பல தடவை சொல்லியிருக்காரு, எங்கம்மா ரொம்பப் பொத்திப் பொத்தி வளக்கற ஆளு, பக்கத்துல இருக்கணும்னு நெனச்சாங்கன்னு. மிலான் போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு யாருக்கும் தெரியாது, பெரிய ஆளாகூட ஆயிருக்கலாம், ஆனா இன்னிக்கு நாம பேசற டோட்டி கிடையாது. கிளப் வரலாற்றுப் புஸ்தகத்துல எழுத வேண்டிய முதல் பேரு எனக்கு அந்தம்மா பேருதான்.

மிலான் ஆளுங்க திரும்பிப் போன கையோட அடுத்த ஆபத்து ஊருக்குள்ளயே காத்திருந்துது. லாட்சியோ! அதே ஊரு, அதே ஸ்டேடியத்தைப் பங்கு போட்டுக்கற எதிரி கிளப். லொதிஜானிக்கும் லாட்சியோவுக்கும் பேச்சு நடந்துட்டு இருந்துது, பையன் அந்தப் பக்கம் போறது ஏறக்குறைய முடிவான மாதிரி. அப்ப ரோமா இளைஞர் அணிகளைப் பாத்துக்கிட்டு இருந்தவர் ஜில்தோ ஜன்னீனி. ஆமா, சுவத்துல போட்டோ ஒட்டியிருந்த அந்த ஜன்னீனியோட அப்பாவேதான். இவர் வீட்டுக்குப் போய் குடும்பத்தோட உக்காந்து பேசினாரு. ரோமா வெறியர் வீட்டுல, பையன் ஹீரோவோட அப்பா வந்து கேட்டா என்ன பதில் வரும்? 1989ல டோட்டி ரோமா பையன் ஆனாரு. லாட்சியோ ரசிகர்களுக்கு இந்தக் கதை இன்னிக்கும் வலிக்கும்னு நெனக்கறேன்.

ரோமா பயிற்சி மைதானம் ஊருக்குத் தெக்க ரொம்பத் தள்ளி, திரிகோரியாங்கற இடத்துல இருக்கு. அங்க கூட்டிட்டுப் போய் கூட்டிட்டு வந்ததும் அம்மாதான். கார்ல போகும்போதே பாடம் கேட்பாங்களாம், நேத்து படிச்சதை ஒப்பிக்கச் சொல்லி. இறக்கி விட்டுட்டு ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம், மழையோ குளிரோ அங்கயே காத்துக்கிட்டு இருப்பாங்க. நம்ம ஊர்ல டியூஷன் வாசல்ல ஸ்கூட்டியை நிறுத்திட்டு உக்காந்திருக்கற அம்மாக்களைப் பாத்தவங்களுக்கு இதை விளக்கவே வேணாம்.

இப்ப 1993. ரோமா நெலம அப்ப நல்லா இல்ல. 80கள்ல கிளப்பைத் தூக்கி நிறுத்தின தலைவர் தீனோ வியோலா 1991 ஜனவரியில செத்துப் போனாரு, அடுத்து வந்த நிர்வாகத்துல பணப் பிரச்சினை மேல பிரச்சினை, டீம் அந்த சீசன் பத்தாவது எடத்துலதான் முடிச்சுது. கோச் வுயாதின் போஷ்கோவ், யூகோஸ்லாவியாக்காரர், ரெண்டு வருஷம் முன்னாடிதான் சம்ப்டோரியாவை முதல் தடவையா இத்தாலி சாம்பியன் ஆக்கின ஆளு. அவர் ரோமாவுல இருந்தது ஒரே ஒரு சீசன். அந்த ஒரு சீசன்ல அவர் பண்ண விஷயங்கள்ல இன்னிக்கு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கறது கடைசி சில நிமிஷத்து மாத்தம் ஒண்ணுதான்.

மார்ச் 27, சனிக்கிழமை. இளைஞர் அணிக்கு அஸ்கோலியோட மேட்ச். டோட்டி முதல் பாதியிலயே ரெண்டு கோல் போட்டாச்சு, ஹாஃப் டைம்ல கோச் நீ வெளிய வான்னுட்டாரு. பையனுக்கு ஒண்ணும் புரியல, கடுப்பு, ரெண்டு கோல் போட்டவனை எதுக்கு எடுக்கறாங்கன்னு. அப்புறம்தான் சொல்றாங்க, போய்க் குளிச்சுட்டு கெளம்பு, நாளைக்கு மெயின் டீமோட பிரெஷ்ஷா போறன்னு. வயசு 16.

மார்ச் 28, பிரெஷ்ஷா ஊர், ரிகாமொந்தி ஸ்டேடியம். ரோமா 2-0 முன்னாடி இருக்கு, மேட்ச் முடியப் போகுது. இந்த இடத்துலதான் எனக்கு இந்தக் கதையிலயே ரொம்பப் புடிச்ச ஆள் வர்றாரு, சினிஷா மிஹாய்லோவிச். ஆமா, பின்னாடி லாட்சியோவுல ஃப்ரீகிக் ராஜாவா இருந்தவரேதான், அப்ப ரோமாவுல ஆடிட்டு இருந்தாரு. போஷ்கோவும் இவரும் ஒரே நாட்டு ஆளுங்க, யூகோஸ்லாவியா. ஜெயிச்சாச்சுன்னு தெரிஞ்சதும் மைதானத்துலேர்ந்தே கோச்சைப் பாத்து அந்தச் சின்னப் பையனை எறக்குங்கன்னு சொன்னது இவர்தான். போஷ்கோவ் பெஞ்ச்சைப் பாத்து, போய் வார்ம் அப் பண்ணுன்னு சொல்றாரு. டோட்டி அசையல. பக்கத்துல உக்காந்திருந்த ரொபெர்த்தோ மூட்ஸியைத்தான் கூப்புடறார்னு நெனச்சுக்கிட்டு இருக்கான். மூட்ஸிதான், டேய் உன்னைத்தான்னு சொல்லி எழுப்பி விட்டது. ரிட்ஸித்தெல்லி வெளிய, டோட்டி உள்ள. சில நிமிஷம், பந்தை ரெண்டு மூணு தடவை தொட்டிருப்பாரு, அவ்வளவுதான் அறிமுகம்.

இதைச் சும்மா ஒரு சுவாரசியமான சம்பவம்னு விட்டுடலாம், ஆனா இதுக்குப் பின்னாடி ஒரு காரணமும் இருக்கு, அதை யாரும் பேசறதில்ல. அப்ப இத்தாலி லீக்ல ஒரு மேட்ச்ல மூணு வெளிநாட்டுக்காரங்கதான் ஆட முடியும். ரோமாவுல அந்த வருஷம் ஆல்தாயிர், கனீஜியா, ஹெஸ்லர், மிஹாய்லோவிச்னு நாலு பேர், அதுலயே ஒருத்தர் வெளிய உக்காரணும். அதனால பெஞ்ச்சை நெரப்பறதுக்கு உள்ளூர்ப் பசங்க தேவைப்பட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு 1995 டிசம்பர்ல பொஸ்மான் தீர்ப்பு வந்துது, ஐரோப்பிய யூனியன் ஆட்டக்காரங்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் காத்துல போச்சு, யாரை வேணா வாங்கலாம், கான்ட்ராக்ட் முடிஞ்சா யாரும் எங்க வேணா இலவசமா போகலாம். டோட்டி உள்ள வந்தது பழைய உலகத்துல, பெரிய ஆள் ஆனது புது உலகத்துல. ஒரே கிளப்ல இருக்கறது அவ்வளவு பெரிய அதிசயமா மாறினதே அந்தத் தீர்ப்புக்கு அப்புறம்தான்.

1993 கோடையில எல்லாம் மாறுச்சு. பிராங்கோ சென்ஸியும் மெட்ஸரோமாவும் சேந்து கிளப்பை வாங்கினாங்க, கொஞ்ச மாசத்துல சென்ஸி மட்டும் தனியா உரிமையாளர் ஆனாரு. கோச்சா கூட்டிட்டு வந்தது கார்லோ மட்ஸோனேவை. என்னைக் கேட்டா டோட்டி கதையில அம்மாவுக்கு அடுத்து முக்கியமான ஆளு இவர்தான், அதனால இவரைப் பத்திக் கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

மட்ஸோனே திரஸ்தேவெரேல பொறந்தவர், ரோம் பேச்சு மாறாத ஆளு, கோவக்காரர். 2001ல பிரெஷ்ஷா கோச்சா இருந்தப்போ அத்தலாந்தா ரசிகர்கள் மேட்ச் முழுக்க அவர் அம்மாவைத் திட்டிட்டே இருந்தாங்கன்னு, கடைசி நேரத்துல 3-3 ஆனதும் அறுபத்திநாலு வயசுல மைதானத்தோட ஒரு முனையிலேர்ந்து அவங்க இருந்த முனை வரைக்கும் ஓடினாரே, அந்த வீடியோ பாக்காதவங்க இருக்க மாட்டீங்க. அந்த மட்ஸோனேதான். ஆனா திறமைசாலி ஒருத்தன் கையில கெடச்சா அவனை எப்படிப் பாத்துக்கணும்னு இத்தாலியில இவர் அளவுக்குத் தெரிஞ்ச ஆள் கம்மி. ராபெர்த்தோ பாஜ்ஜோவை அவரோட கடைசிக் காலத்துல பிரெஷ்ஷாவுல வெச்சுப் பாத்துக்கிட்டவர் இவர், பிர்லோவைக் கொஞ்சம் பின்னாடி இழுத்து ஆட வெச்சவரும் இவர்.

டோட்டி விஷயத்துல இவர் பண்ணது ரெண்டு. ஒண்ணு, அவசரப்படுத்தல. எண்ணிக்கையைப் பாருங்க: 93-94ல லீக்ல 8 மேட்ச், 94-95ல 21, 95-96ல 28. படிப்படியா. முதல் தடவையா ஆரம்பத்துலேர்ந்தே லீக் மேட்ச்ல எறக்கினது 1994 பிப்ரவரி கடைசியில, சம்ப்டோரியாவோட. ரெண்டாவது, மறைச்சு வெச்சாரு. ரோம் மாதிரி ஊர்ல ஃபுட்பால் பத்தி மட்டும் காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் பேசற உள்ளூர் ரேடியோ ஏகப்பட்டது இருக்கு, பேப்பர்ல தெனம் பக்கம் பக்கமா ரோமா, லாட்சியோதான். 17 வயசுப் பையன் நல்லா ஒரு மேட்ச் ஆடினா மறுநாள் அவன் கடவுள், அதுக்கடுத்த வாரம் சொதப்பினா தெருவுல நடக்க முடியாது. மட்ஸோனே என்ன பண்ணுவார்னா, மேட்ச் முடிஞ்சு பையனைச் சுத்தி மைக்கோட நிருபர்கள் கூடினா, நீ போய்க் குளி, இவங்ககிட்ட நான் பேசிக்கறேன்னு அனுப்பி விட்டுடுவாரு. பாத்தா சின்ன விஷயம். ஆனா மூணு வருஷம் இதைத் தொடர்ந்து பண்றதுன்னா அது ஒரு காவல். ஜன்னீனி அதே ஊர்ல எவ்வளவு அடிவாங்கினார்னு பக்கத்துலேர்ந்து பாத்தவங்களுக்குத் தெரியும் இந்தக் காவல் எதுக்குன்னு.

அடி எப்படி இருக்கும்னு டோட்டிக்கு முதல் டெர்பியிலயே, அதாவது ரோமா-லாட்சியோ மேட்ச்லயே, காமிச்சாங்க. 1994 மார்ச் 6, லாட்சியோ 1-0 முன்னாடி, சிஞ்ஞோரி கோல். மாத்து ஆளா எறங்கின 17 வயசு டோட்டி பெனால்டி ஒண்ணு வாங்கிக் குடுத்தாரு. அடிக்கப் போனது கேப்டன் ஜன்னீனி. லாட்சியோ கோல்கீப்பர் மார்க்கெஜ்ஜானி புடிச்சுட்டாரு. மேட்ச் தோல்வி. சுவத்துல ஒட்டி வெச்ச ஹீரோ, தான் வாங்கிக் குடுத்த பெனால்டியை விட்டுட்டு தலையைத் தொங்கப் போட்டு நிக்கறதையும், அப்புறம் அந்த ஊர் அந்த ஹீரோவைப் பேசின பேச்சையும் கூடவே இருந்து பாத்த பையன் அவன். பின்னாடி டோட்டி கேப்டனா இருந்த காலத்துல ரேடியோவும் பேப்பரும் என்ன கத்தினாலும் பெருசா கலங்காம இருந்ததுக்கு இந்த நாளும் ஒரு காரணமா இருக்கும்னு எனக்குத் தோணும், இது என் கணிப்புதான்.

முதல் கோல் 1994 செப்டம்பர் 4, சொந்த ஸ்டேடியமான ஒலிம்பிகோவுல போஜ்ஜா கிளப்போட, 1-1. அந்தக் கோலைப் பத்தி நெறைய எழுத ஒண்ணுமில்ல. 1996 மே மாசம் 21 வயசுக்குட்பட்டோர் ஐரோப்பியக் கோப்பை பைனல்ல ஸ்பெயினோட ஒரு கோல் போட்டு இத்தாலி ஜெயிச்சுது. எல்லாம் சரியாத்தான் போயிட்டு இருந்துது.

அதே 1996 கோடையில மட்ஸோனே போயாச்சு, ஜன்னீனி போயாச்சு. பையனைச் சுத்தி நின்ன ரெண்டு பேரும் ஒரே சமயத்துல காணோம். புதுசா வந்த கோச் கார்லோஸ் பியாஞ்சி.

பியாஞ்சியை வில்லனா மட்டும் எழுதறது தப்பு. அர்ஜென்டினா வேலெஸ் சார்ஸ்ஃபீல்டை 1994ல தென் அமெரிக்க சாம்பியன் ஆக்கி, அதே வருஷம் டோக்கியோவுல மிலானையே தோக்கடிச்சவர். ரோமாவுக்கு அப்புறம் போக்கா ஜூனியர்ஸ் போய் 2000, 2001, 2003னு மூணு தடவை தென் அமெரிக்க கிளப் கோப்பையான லிபர்த்தடோரெஸ் ஜெயிச்சாரு. பெரிய கோச், சந்தேகமே இல்ல. ஆனா ரோம் ஊரும் அவரும் ஒத்துப் போகவே இல்ல. ரோம் பசங்க சோம்பேறிங்க, உழைக்க மாட்டாங்கங்கற எண்ணம் அவர்கிட்ட இருந்துதுன்னு டோட்டியே சொல்லியிருக்காரு. அந்த எண்ணத்துக்கு முதல்ல மாட்டினது 20 வயசு டோட்டி.

இதுல ஊர்ச் சண்டை மட்டும் இல்ல, அந்தக் காலத்து ஆட்ட முறையும் சேந்துது. 90கள் நடுவுல இத்தாலியில சாக்கி வழி வந்த 4-4-2 எல்லா இடத்துலயும் பரவியிருந்துது, நாலு பேர் நாலு பேரா கட்டுக்கோப்பா நிக்கணும், ரெண்டு ஸ்ட்ரைக்கருக்குப் பின்னாடி சுதந்திரமா சுத்தற 10ஆம் நம்பர் ஆளுக்கு அதுல எடம் கெடயாது. 1996ல பார்மா கிளப்ல கோச் அன்சலோட்டி, அப்படிப்பட்ட ஆளான ஸோலாவை ஓரத்துல ஆடச் சொல்லி, அவர் வெறுத்துப் போய் நவம்பர்ல செல்சிக்குப் பொட்டியைக் கட்டிட்டாரு. பாஜ்ஜோ நெலமையும் கிளப் கிளப்பா அலையறதுதான். ஸோலாவுக்கும் பாஜ்ஜோவுக்குமே எடம் இல்லாத காலத்துல, பெருசா கோலும் போடாத ஒரு பையனுக்கு யார் எடம் குடுப்பாங்க? அதுவரைக்கும் நாலு சீசன்ல மொத்தம் ஆறே லீக் கோல்தான் டோட்டிக்கு. பியாஞ்சி அன்னிக்குக் கணக்குல தப்பு பண்ணல, கண்ணுலதான் தப்பு பண்ணாரு.

பியாஞ்சிக்கு வேண்டியது நெதர்லாந்து கிளப் அயாக்ஸ்ல ஆடிட்டு இருந்த பின்லாந்து நட்சத்திரம் யாரி லித்மனென். டோட்டியை சம்ப்டோரியாவுக்கு லோன்ல, அதாவது கொஞ்ச காலத்துக்குக் கடனா, அனுப்பிடலாம்னு பேச்சு ஆரம்பிச்சு முடியற கட்டத்துக்கு வந்தாச்சு. இப்படி லோன்ல போறவன் திரும்பி வர்றது எவ்வளவு அபூர்வம்னு ஃபுட்பால் பாக்கறவங்களுக்குத் தெரியும். சம்ப்டோரியா அப்ப மோசமான இடமும் இல்ல, எரிக்சன் கோச், மன்சீனி, மொந்தெல்லா, வெரோன் எல்லாம் அங்க. போயிருந்தா நல்லாத்தான் ஆடியிருப்பாரு. அதுதான் பயமே!

1997 பிப்ரவரி 9. ஒலிம்பிகோவுல ரோம் நகரக் கோப்பைன்னு ஒரு நட்புப் போட்டி வெச்சாங்க, ரோமா, அயாக்ஸ், ஜெர்மனியிலேர்ந்து பொருஸ்ஸியா மோன்ஷன்கிளாட்பாக், மூணு டீம், ஒவ்வொரு மேட்ச்சும் 45 நிமிஷம்தான். பாயின்ட் கெடயாது, லீக்கோட சம்பந்தம் கெடயாது, அடுத்த வாரமே மறந்துட வேண்டிய போட்டி. ஆனா எல்லாருக்கும் தெரியும், லித்மனென் வர்றாரு, அவரைத்தான் கோச் கேக்கறாரு, யாரை அனுப்பிட்டுக் கேக்கறார்னும் தெரியும். ஒரே சாயங்காலம், ஒரே புல்லு, ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துக்கலாம். பையனும் தான் போகப் போறேன்னு தெரிஞ்சுதான் எறங்கினாரு. ரெண்டு மேட்ச்லயும் கோல், கிளாட்பாக்குக்கு ஒண்ணு, அயாக்ஸுக்கு ஒண்ணு. கோலை விடுங்க, அன்னிக்கு ஒலிம்பிகோ கூட்டம் ஆடின ஆட்டத்தைப் பாத்தே முடிவு பண்ணிடுச்சு இவன் எங்கயும் போகக் கூடாதுன்னு.

கூட்டத்தோட உக்காந்து பாத்துட்டு இருந்த இன்னொருத்தர் தலைவர் சென்ஸி. கோச் கேட்டதுக்கு இல்லைன்னுட்டாரு, டோட்டி இங்கதான் இருப்பான், லோன் கெடயாது. ஒரு உரிமையாளர் கோச்சோட ஆட்ட விஷயத்துல தலையிடறது பொதுவா எனக்குப் புடிக்காது, தொண்ணூறு சதவீதம் அது நாசத்துலதான் முடியும். இது மீதிப் பத்து. ஏப்ரல்ல பியாஞ்சி வேலை போச்சு, மூத்தவர் லீத்ஹோம் வந்து சீசனை ஒப்பேத்தினாரு, 12ஆவது எடம். லித்மனென் ரோமாவுக்கு வரவே இல்ல, ரெண்டு வருஷம் கழிச்சு பார்சிலோனா போனாரு.

அதுக்கப்புறம் வேகமா சொல்லிடலாம். 1997 கோடையில சென்ஸி கூட்டிட்டு வந்தது செக் நாட்டுக்காரர் ஸ்டெனெக் ஸேமானை, அதுவும் ஆறு மாசம் முன்னாடி லாட்சியோ வேலையை விட்டு அனுப்பின ஆளை. ஸேமான் ஆட்டம் 4-3-3, எப்பவும் முன்னாடி, பின்னாடி என்ன ஆனாலும் கவலை இல்ல. பயிற்சியோ கொடூரம், ஸ்டேடியம் படிக்கட்டுல ஏறி எறங்கி ஏறி எறங்கி ஓடணும், வாந்தி வர்ற வரைக்கும். சோம்பேறின்னு பேர் வாங்கின பையன் அதையெல்லாம் ஓடினாரு. டோட்டியை முன்வரிசையில இடது பக்கம் நிறுத்தி, அங்கேர்ந்து உள்ள வந்து ஆடு, உன் இஷ்டம்னு விட்டாரு ஸேமான். முதுகுல 10ஆம் நம்பரும் அந்த சீசன்லதான். முந்தின சீசன் 5 லீக் கோல், இந்த சீசன் 13, அடுத்தது 12. ரோமா நாலாவது எடத்துக்கு வந்துது. மட்ஸோனே காப்பாத்தி வெச்ச பையனை ஆம்பளையாக்கினது ஸேமான்னு ரோமா ரசிகர்கள் சொல்றது வழக்கம், ஆனா எனக்கு ஒரு வருத்தம் உண்டு, இந்த வரிசையில போஷ்கோவ் பேரையும் ஜில்தோ ஜன்னீனி பேரையும் பாதி நேரம் விட்டுடறாங்க.

மிஹாய்லோவிச்சோட கதை எங்க போய் முடிஞ்சுதுன்னு பாருங்க. 1998 நவம்பர் 29, டெர்பி, அவர் இப்ப லாட்சியோ சட்டையில. லாட்சியோ 3-1 முன்னாடி. தி பிரான்செஸ்கோ ஒண்ணு திருப்பினாரு, அப்புறம் சமன் பண்ண கோல் டோட்டி, 3-3. டெர்பியில அவரோட முதல் கோல். அஞ்சரை வருஷம் முன்னாடி பிரெஷ்ஷாவுல சின்னப் பையனை எறக்குங்கன்னு சொன்னவரு எதிர்ப்பக்கம் நின்னு அதைப் பாத்தாரு. போஷ்கோவ் 2014ல போயிட்டாரு, மிஹாய்லோவிச் 2022 டிசம்பர்ல, மட்ஸோனே 2023 ஆகஸ்ட்ல. ஒவ்வொரு தடவையும் டோட்டி எழுதின இரங்கலைப் படிக்கும்போது எனக்கு அந்த பெஞ்ச்தான் ஞாபகம் வரும்.

அந்த டெர்பியில டோட்டி கையில கேப்டன் பட்டையும் இருந்துது. அந்த சீசன் ஆரம்பத்துல ரோமா கேப்டன் பிரேசில்காரர் ஆல்தாயிர், 1990லேர்ந்து கிளப்ல இருக்கறவர், டோட்டி பதினாறு வயசுல மெயின் டீம் பஸ்ல ஏறின வருஷமும் அந்த டீம்ல இருந்தவர். யாரும் கேக்காமலேயே, சண்டை எதுவும் இல்லாமலேயே அவரே பட்டையைக் கழட்டி 22 வயசுப் பையன்கிட்ட குடுத்தாரு, நீ இந்த ஊர்க்காரன், இது உன்கிட்ட இருக்கணும்ங்கற மாதிரி. குடுத்துட்டு இன்னும் அஞ்சு வருஷம் அதே டீம்ல, அந்தப் பையன் கேப்டன்சிக்குக் கீழயே ஆடினாரு. 2001 ஜூன் 17 பார்மாவை 3-1 ஜெயிச்சு ரோமா மூணாவது தடவை சாம்பியன் ஆனப்போ ரெண்டு பேரும் ஒரே டீம், முதல் கோல் டோட்டி.